எல்லாம் மொடலுக்குள்ளேயே: எம்.பி.டி. பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் இயந்திரப் பாகங்களை வடிவமைக்கும் வேலை செய்கிறேன். மாலையில் சில பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியும் கொடுக்கிறேன். அறிவியல் நகரில் படிக்கும் பொறியியல் பீட மாணவர்கள், அங்கேயே இருக்கும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துப் பிள்ளைகள், ஏ9 வீதியோரம் லேத் வைத்திருப்பவர்கள், வவுனியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்கு மொடல் வரைந்து அனுப்புபவர்கள் என்று எல்லோரும் சுற்றிச்சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே போட்டிருக்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். சூடடிக்கும் மெஷினின் ஷாஃப்ட்டைத் தாங்கும் பெயாரிங் ஹவுசிங், அதாவது பெயாரிங் உட்காரும் கூடு. உள்ளே போவது 6206 பெயாரிங்: உள்விட்டம் 30 மி.மீ., வெளிவிட்டம் 62 மி.மீ., அகலம் 16 மி.மீ. ஹவுசிங்கின் அடியில் நான்கு துளைகள். எம்12 போல்ட் நான்கு போட்டுச் சட்டத்தில் இறுக்குவோம்.

எம்.பி.டி., எம்.பி.டி. எண்டுறாங்கள். அது என்ன சேர்?

மொடல் பேஸ்ட் டெபினிஷன் என்பதன் சுருக்கம். ஒரு பாகத்தைச் செய்வதற்கும், செய்தது சரியா என்று பார்ப்பதற்கும் தேவையான எல்லாத் தகவலையும் முப்பரிமாண மொடலுக்குள்ளேயே வைத்து, அந்த மொடலையே மூல ஆவணமாகக் கொள்வது. அளவு, டொலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்ற எல்லை), டேட்டம் (எதில் இருந்து அளக்கிறோமோ அந்த அடிப்படை), மேற்பரப்பின் வழவழப்பு, என்ன இரும்பு, எங்கே வெல்டிங் என்று ட்ரோயிங் தாளில் எழுதும் யாவும் மொடலில் அந்தந்த முகத்தோடு ஒட்டி நிற்கும். அப்படி ஒட்டி நிற்கும் தகவலுக்குப் பி.எம்.ஐ. (புரொடக்ட் அன்ட் மனுஃபக்சரிங் இன்ஃபொர்மேஷன்) என்று பெயர். கீழே அந்தச் சொல் பல இடத்தில் வரும்.

எங்களிட்ட த்ரீடி மொடல் இருக்குத்தானே. அப்ப நாங்கள் ஏற்கெனவே எம்.பி.டி.தான் செய்யிறமோ?

இல்லை. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். வெறும் மொடல் ஹவுசிங்கின் துளை 62 மி.மீ. என்று சொல்லும். ஆனால் எந்த மெஷினாலும் சரியாக 62.000 வெட்ட முடியாது. 62.02 வந்தால் ஏற்கலாமா, 62.2 வந்தால் ஒதுக்க வேண்டுமா என்று மொடலின் வடிவம் சொல்லாது. 62.2 என்றால் பெயாரிங்கின் வெளிவளையம் துளைக்குள் சுற்றிச் சுற்றித் தேயும். 61.95 என்றால் சுத்தியலால் அடித்து ஏற்றப் பார்ப்பார்கள். பெயாரிங் அங்கேயே பழுதாகும்.

அந்தத் துளைக்கு 62 எச்7 என்று, அதாவது எச்7 என்ற பொருத்தக் குறியோடு, போட்டால் எல்லை 62.000 முதல் 62.030 வரை. இந்த 0.030 மி.மீ. மொடலில் ஏறி, துளையின் முகத்தோடு இணைந்து, வாங்குபவர் அதையே நம்பி வேலை செய்யலாம் என்ற நிலை வந்தால்தான் அது எம்.பி.டி.

ட்ரோயிங் தாளில என்ன பிழை? இவ்வளவு காலமும் அதிலதானே வேலை நடந்தது?

தாளில் பிழை இல்லை. ஒரே பாகத்துக்கு இரண்டு மூலங்கள் இருப்பதுதான் பிழை. சி.என்.சி., அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷின், வைத்திருப்பவர் மொடலை எடுத்துக் கத்தி போகும் பாதையைப் போடுவார். அளப்பவர் ட்ரோயிங்கைப் பார்த்து அளப்பார். இடையில் ஒருவர் போல்ட் துளைகளின் இடைவெளியை ட்ரோயிங்கில் மட்டும் மாற்றிவிட்டால், வெட்டியவரும் அளந்தவரும் சரியாக வேலை செய்தும் பாகம் குப்பைக்குப் போகும். யாரைக் குறை சொல்வது என்றும் தெரியாது.

ஆனால் தாளை ஒழிப்பதுதான் எம்.பி.டி. என்று நினைக்க வேண்டாம். மொடல் மட்டும் என்ற வழியும், மொடலோடு சேர்ந்த சுருக்கமான ட்ரோயிங் என்ற வழியும் தரங்களிலேயே உண்டு. தாள் இருக்கட்டும், அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் மொடலில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும். நான் பிடிவாதமாக நிற்பது இந்த ஒரு விடயத்தில்தான்.

இது புதுசா வந்த ஒண்டோ?

இல்லை. அமெரிக்காவின் ஏ.எஸ்.எம்.ஈ. வை14.41 என்ற தரம் 2003 இல் வெளிவந்தது. பிறகு 2012 இலும் 2019 இலும் திருத்தினார்கள். உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 16792 வந்தது 2006 இல். திருத்தப் பதிப்புகள் 2015, 2021. விமானத் துறையும் பாதுகாப்புத் துறையும் முதலில் பிடித்துக்கொண்டன. எங்களிடம் வந்து சேரத்தான் நேரம் எடுத்தது.

மனிசர் பார்க்கிற குறிப்பு வேற, கம்ப்யூட்டர் வாசிக்கிற குறிப்பு வேற எண்டு சொன்னீங்கள். ரெண்டும் ஒரே மாதிரித்தானே திரையில தெரியுது?

தெரிவது ஒரே மாதிரித்தான். உள்ளே இருப்பது வேறு. திரையில் 62 எச்7 என்று தெரியும் எழுத்து வெறும் கோடுகளாகவும் வளைவுகளாகவும் கோப்பில் கிடக்கலாம். நீங்கள் வாசிப்பீர்கள், கம்ப்யூட்டருக்கு அது சில கீறல்கள். இதை வரைவு வகைப் பி.எம்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வகையில், இது விட்டம், பெயரளவு 62, கீழெல்லை 0, மேலெல்லை 0.030, சேர்ந்த முகம் இந்த உருளை முகம் என்று தனித்தனித் தரவாகப் பதிவாகியிருக்கும். இது பொருளோடு கூடிய பி.எம்.ஐ. ஒரே கோப்பில் இரண்டும் சேர்ந்து இருக்கலாம், இருப்பது நல்லதும்கூட.

வித்தியாசம் எப்போது தெரியும் என்றால், மொடல் உங்கள் கையை விட்டுப் போன பிறகு. அளவிடும் மெஷினின் மென்பொருள் எந்தத் துளையை எந்த எல்லைக்குள் அளக்க வேண்டும் என்று தானாக எடுக்க வேண்டுமானால் பொருளோடு கூடிய தரவு வேண்டும். வெறும் கீறலாக இருந்தால் அங்கே ஒருவர் இருந்து திரையைப் பார்த்து எல்லா எண்ணையும் திரும்பத் தட்ட வேண்டும். அப்படியானால் தாளில் அனுப்பியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வடிவமைப்பவர் பக்கத்தில் செய்ய வேண்டியது இது: டொலரன்ஸை வெறும் உரைப்பெட்டியில் எழுதாமல், மென்பொருளில் அதற்கென்று உள்ள கட்டளையால் முகத்தைத் தொட்டுப் போடுங்கள். எண்ணைக் கையால் மாற்றி எழுதும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதைத் தொடவே வேண்டாம்.

எந்தக் கோப்பா அனுப்ப வேணும்? ஸ்டெப் எண்டால் காணுமோ?

ஸ்டெப் என்பது ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்கு மொடலைக் கொண்டுபோகும் பொதுக் கோப்பு வகைகளின் குடும்பம். அதில் எது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் ஏ.பி. என்று ஓர் எண் உண்டு. பழைய ஏ.பி. 203, ஏ.பி. 214 இரண்டையும் ஒன்றாக்கி 2014 இல் ஏ.பி. 242 வந்தது. பொருளோடு கூடிய பி.எம்.ஐ. போக வேண்டுமானால் ஏ.பி. 242 ஆகவே வெளியேற்ற வேண்டும். பல மென்பொருள்களில் பழையதும் தெரிவுப் பட்டியலில் நிற்கும். கவனிக்காமல் அழுத்தினால் வடிவம் போகும், குறிப்புகள் போகாது; அனுப்பியவருக்குத் தெரியவும் வராது.

சோதிக்க ஒரு எளிய வழி. ஸ்டெப் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புத்தான். நோட்பேடில் திறந்து தலைப்பகுதியில் ஃபைல் ஸ்கீமா என்ற வரியைப் பாருங்கள். ஏ.பி. 242 என்று தொடங்கினால் சரி. ஒட்டோமோட்டிவ் டிசைன் என்று இருந்தால் 214. கொன்ஃபிக் கொன்ட்ரோல் டிசைன் என்றால் 203. எழுத்துக் கோப்பு என்பதால் சிப் செய்தால் நன்றாகவே சுருங்கும். சிக்னல் குறைந்த இடத்தில் இருந்து அனுப்புபவர்களுக்கு இது பெரிய உதவி.

எஸ்.டி.எல். முப்பரிமாண அச்சுக்கு மட்டும். அது முக்கோணங்களின் குவியல். டொலரன்ஸ் அதில் ஏறாது.

எங்கட கராச்சில கம்ப்யூட்டரே இல்லை. லேத் அண்ணைக்கு எப்பிடிக் குடுக்கிறது?

மிக அதிகமாக வரும் கேள்வி. இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ லேத் வைத்திருப்பவரிடம் போய் மொடலைத் திறந்து பாருங்கோ என்று சொல்வதில் அர்த்தமில்லை. எண்ணெய்க் கையோடு மடிக்கணினியைத் தொடவும் மாட்டார். அவருக்குத் தாள்தான். ஆனால் அந்தத் தாள் மொடலில் இருந்து பிறந்ததாக இருக்கட்டும்.

மொடலிலேயே சில பார்வைகளைச் சேமித்து வையுங்கள்: கடைவதற்குத் தேவையான அளவுகள் மட்டும் தெரியும் பார்வை ஒன்று, துளை போடுவதற்கு ஒன்று, குறுக்குவெட்டு ஒன்று. அவற்றை ஏ4 தாளில் அச்சடியுங்கள். ஒவ்வொரு தாளிலும் மொடலின் பெயர், பதிப்பு எண், திகதி. இடநிலை டொலரன்ஸ் (துளையின் நடு தன் இடத்தில் இருந்து எவ்வளவு விலகலாம் என்ற எல்லை) போன்ற குறிகளை வாசித்துப் பழகாதவர் என்றால் அதன் கீழே தமிழில் ஒரு வசனம் எழுதுங்கள்: "அடிமுகத்தில் இருந்து துளையின் நடு உயரம் முக்கியம், முதலில் அடிமுகத்தைச் சமப்படுத்தவும்." முப்பது வருடம் லேத்தில் நின்றவருக்கு அந்த ஒரு வசனம் போதும். மிச்சத்தை அவர் உங்களுக்குச் சொல்லித் தருவார்.

போனில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும்; தசமப் புள்ளி மங்கினால் கதை முடிந்தது. முப்பரிமாண பி.டி.எஃப். கணினியில் நன்றாக இருக்கும், போன்களில் பெரும்பாலும் சுழலாது. இன்னொன்று: மொடலைத் திறக்க வழியில்லாதவரிடம் கொடுக்கும் தாளில் "மிச்சத்துக்கு மொடலைப் பார்க்கவும்" என்று எழுதாதீர்கள். அவருக்கு வேண்டிய எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

நாங்கள் செய்யிறது முழுக்க வெல்டிங். உழவு இயந்திரத்துக்குப் பெட்டி செய்யிறதுக்கும் இது வேணுமோ?

பெட்டிக்கு வேண்டாம். சட்டத்தின் நீளம் இரண்டு மி.மீ. கூடினால் ஒன்றும் ஆகாது. அளவு எழுதிய ஒரு படம் போதும். ஆனால் கொளுவும் இடமும் அச்சு பூட்டும் இடமும் வேறு கதை. அவை நேராக இல்லாவிட்டால் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் தேயும். அந்த இரண்டு இடத்துக்கும் மட்டும் எல்லையைத் தெளிவாக எழுதினால் காணும்.

டேட்டம் எண்டால் எந்த முகத்தையும் எடுக்கலாமோ? மொடலின்ட ஒரிஜினையே எடுத்தால் என்ன?

ஒரிஜின் திரையில் மட்டும் இருக்கிறது. அதன்மேல் ஹவுசிங்கை வைக்கவும் முடியாது, மைக்ரோமீட்டரை வைக்கவும் முடியாது. டேட்டம் என்பது கையால் தொடக்கூடிய முகத்தில் இருந்து பிறக்க வேண்டும். பொருத்தும்போது எந்த முகம் எதன்மேல் உட்காருகிறதோ அதில் இருந்து.

எங்கள் ஹவுசிங்கைப் பாருங்கள். அடிமுகம் சட்டத்தில் உட்காருகிறது. ஆகவே அது முதல் டேட்டம், ஏ. ஷாஃப்ட் நிற்கும் உயரம் அதில் இருந்துதான் தீர்மானமாகும். ஆறு வகை அசைவில் மூன்றை அது நிறுத்திவிடும்: மேல்–கீழ் நகர்வு ஒன்று, சரிவு இரண்டு. அடுத்தது பெயாரிங் துளையின் நடுவச்சு, பி. ஷாஃப்ட்டின் திசையில் எங்கே நிற்கிறது என்று சொல்ல முன்முகம், சி. துளையை ஏ யில் இருந்து கட்டுப்படுத்துகிறோம்; பிறகு நான்கு போல்ட் துளைகளை ஏ, பி, சி மூன்றில் இருந்தும் கட்டுப்படுத்துகிறோம். இந்த ஒழுங்குக்கு ஒரு காரணம் உண்டு: மெஷின் ஓடும்போது முக்கியம் ஷாஃப்ட். போல்ட் துளைகள் அதற்குத் துணை.

வார்ப்பில் வந்த கரடுமுரடான பக்கத்தை டேட்டமாகப் போடும் பிள்ளைகளும் உண்டு, திரையில் அது வழுவழுப்பாகத் தெரிவதால். கராச்சில் அந்தப் பக்கத்தை வைத்து இரண்டு தரம் அளந்தால் இரண்டு அளவு வரும். டேட்டத்தைத் தீர்மானிக்க முன்னர் அந்தப் பாகம் பூட்டியிருக்கும் மெஷினைப் போய் ஒருமுறை பாருங்கள். காலபோக அறுவடை முடிந்து மெஷின்கள் திருத்த வரும் நேரம் அதற்கு நல்ல நேரம். தேய்ந்த ஹவுசிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவனுக்கு ஏ எது, பி எது என்று புத்தகம் தேவையில்லை.

அப்ப எல்லா அளவையும் மொடலில போட வேணுமோ? மொடல் முழுக்க எழுத்தாய்ப் போகுது.

வேண்டாம். பெயரளவு ஏற்கெனவே மொடலின் வடிவத்தில் இருக்கிறது. தொட்டுக் கேட்டால் சொல்லும். முக்கியமான இடங்களுக்கு மட்டும் தனி எல்லை போட்டு, மிச்ச மேற்பரப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொது எல்லை போதும். எங்கள் ஹவுசிங்கில் தனியாகக் கவனிக்க வேண்டியவை பெயாரிங் துளை, அதன் உயரம், அடிமுகத்தின் சமதளம், போல்ட் துளைகள் ஆகியவைதான்.

பொது எல்லைக்கு ஐ.எஸ்.ஓ. 2768 என்று பழக்கத்தில் எழுதுகிறோம். அதன் முதற்பகுதி நேர் அளவுகளுக்கும் கோணங்களுக்கும் இன்னமும் இருக்கிறது. வடிவம், திசை பற்றிய இரண்டாம் பகுதியை 2021 இல் எடுத்துவிட்டு ஐ.எஸ்.ஓ. 22081 ஐக் கொண்டுவந்தார்கள். பழைய வார்ப்புருவில் இருந்து பிரதி எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

லேத் அண்ணைக்குக் கொடுக்கும் தாள் இதற்கு விலக்கு. அவரால் மொடலைத் தொட்டுக் கேட்க முடியாது என்பதால் அதில் அளவுகள் எல்லாம் இருக்க வேண்டும்.

ப்ளஸ் ஒர் மைனஸ் போட்டால் எல்லாருக்கும் விளங்கும். ஏன் இந்த இடநிலைக் குறி?

போல்ட் துளையை எடுப்போம். எம்12 போல்ட்டுக்கு 13.5 மி.மீ. துளை, சட்டத்திலும் அதே 13.5. துளை 13.5 இற்குக் கீழே போகாத வரை, 13.5 இல் இருந்து 12 ஐக் கழித்து வரும் 1.5 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் துளையின் நடு எங்கே இருந்தாலும் போல்ட் போகும். இதையே இரு பக்கமும் கூட்டல் கழித்தலில் எழுதினால் அந்த வட்டத்துக்குள் அடங்கும் சதுரம்தான் கிடைக்கும், நடுவில் இருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 0.53 மி.மீ. அளவுக்கு. அந்தச் சதுரத்தைவிட வட்டம் பரப்பில் 57 சதவீதம் பெரிது. பூட்டக்கூடிய பாகங்களை வீணாக ஒதுக்காமல் விடலாம். இரும்பு விற்கும் விலைக்கு இது சின்ன விடயமில்லை.

ஐ.எஸ்.ஓ.வில போடுறதோ, ஏ.எஸ்.எம்.ஈ.யில போடுறதோ?

வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதில். கேட்காவிட்டால் ஐ.எஸ்.ஓ. ஆனால் எது என்று மொடலில் கட்டாயம் எழுதுங்கள். குறிகள் பெரும்பாலும் ஒன்றுபோல இருந்தாலும் அடிப்படை வேறு. ஏ.எஸ்.எம்.ஈ. வை14.5 இல் ஓர் அளவின் எல்லை வடிவத்தையும் கட்டுப்படுத்தும்: 30 மி.மீ. ஷாஃப்ட் தன் மிகப்பெரிய அளவில் இருந்தால் வளைவே இருக்கக்கூடாது. ஐ.எஸ்.ஓ. 8015 இன்படி அளவும் வடிவமும் தனித்தனி. நேராக இருக்க வேண்டும் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே எண், இரண்டு ஷாஃப்ட்.

பார்வைகளைத் தாளில் அடுக்குவது முதற்கோண எறியமா மூன்றாங்கோண எறியமா என்ற குழப்பம் மட்டும் மொடலில் இல்லை. தாளாக எடுக்கும்போது அது திரும்ப வரும், குறியைப் போடுங்கள்.

மொடலில டொலரன்ஸ் இருந்தால் சி.என்.சி. தானா அதுக்கேற்ற மாதிரி வெட்டுந்தானே?

தானாக வெட்டாது. பாதை போடும் மென்பொருள் பொதுவாக மொடலின் வடிவத்தைப் பின்பற்றும். துளையை 62.000 ஆக வரைந்திருந்தால் 62.000 ஐ நோக்கிப் போகும். எங்கள் எல்லை 62.000 முதல் 62.030 வரை, அதாவது அது போவது எல்லையின் கீழ் விளிம்புக்கு. கத்தி சற்று வளைந்தாலோ தேய்ந்தாலோ துளை சிறுத்துவிடும். ஆகவே வெட்டுபவர் நடு அளவான 62.015 ஐக் குறிவைக்க வேண்டும். பி.எம்.ஐ. ஐ வாசித்து இதைத் தானே செய்யும் மென்பொருள்கள் உண்டு. உங்கள் வேலையை வாங்குபவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலர் மொடலையே 62.015 இல் வரைந்து இருபக்கமும் 0.015 என்று எழுதுவார்கள். அதுவும் சரி. ஒரு கம்பனிக்குள் இரண்டு பழக்கமும் கலந்திருப்பதுதான் ஆபத்து.

சரி, செய்தாச்சு. அளக்கிற பெரிய மெஷின் எங்களிட்ட இல்லையே?

அளவிடும் பெரிய மெஷின் இல்லாவிட்டாலும் எம்.பி.டி. பயன்படும். தனி எல்லை போட்ட இடங்களுக்கு மொடலிலேயே ஒவ்வோர் எண் கொடுத்து, எந்தக் கருவியால் அளப்பது என்று ஒரு பட்டியல் எடுத்தால் அதுவே பரிசோதனைத் தாள். இதில் கருவியைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். 0.02 மி.மீ. வரை காட்டும் வேனியரால் 0.03 மி.மீ. அகலமான எல்லையைத் தீர்மானிக்க முடியாது. பெயாரிங் துளைக்கு போர் கேஜ் அல்லது உள் மைக்ரோமீட்டர் வேண்டும். தொகையாகச் செய்வதென்றால் போகும்–போகாது கேஜ் ஒன்று கடைந்து வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வெயிலையும் கணக்கில் எடுங்கள். அளவுகள் எல்லாம் 20 பாகை செல்சியஸுக்கானவை, ஐ.எஸ்.ஓ. 1 அப்படித்தான் சொல்கிறது. கராச்சுக்குள் 33 பாகை என்றால் 62 மி.மீ. இரும்புத் துளை ஏறக்குறைய 0.009 மி.மீ. பெருத்திருக்கும். அது எங்கள் எல்லையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட. கருவியும் இரும்பாகி, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பெரும்பாலும் சமன்படும். லேத்தில் இருந்து கழற்றிய சூட்டோடு அளக்கும்போதுதான் ஏமாறுவோம். பாகத்தையும் கருவியையும் ஒரே மேசையில் ஆற வைத்துவிட்டு அளவுங்கள்.

மென்பொருள் வாங்கக் காசில்லை. இலவசமா என்ன செய்யலாம்?

சொலிட்வேர்க்ஸ், இன்வென்டர், கிரியோ, என்.எக்ஸ்., கட்டியா எல்லாவற்றிலும் பி.எம்.ஐ. போடும் வசதி உண்டு; எல்லாமே காசுதான். மாணவருக்கான உரிமம் கிடைக்குமா என்று உங்கள் பீடத்தில் கேளுங்கள். ஃப்ரீகாட் இலவசம்; அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. மொடல் வரையவும் அதிலிருந்து ட்ரோயிங் எடுக்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் பொருளோடு கூடிய பி.எம்.ஐ. ஐ முழுமையாகப் போட்டு ஏ.பி. 242 ஆக அனுப்பும் வேலைக்கு இப்போதைக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

வாசிப்பதற்குக் காசே தேவையில்லை. அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட், ஸ்டெப் கோப்பைப் பிரித்துக் காட்டும் ஒரு விண்டோஸ் மென்பொருளை இலவசமாகத் தருகிறது. எது பொருளோடு கூடியது, எது வெறும் வரைவு என்று அது தனித்தனியாகப் பட்டியலிடும். அதே நிறுவனம் பி.எம்.ஐ. போட்ட மாதிரி மொடல்களையும் இலவசமாக வைத்திருக்கிறது. என்னிடம் வரும் பிள்ளைகளை முதலில் அவற்றைத் திறந்து, ஒவ்வொரு குறியும் என்ன சொல்கிறது என்று கொப்பியில் எழுதச் சொல்வேன். மென்பொருளின் பொத்தான்கள் பிறகு தானாகப் பழகும்.

திருட்டுப் பிரதி வேண்டாம். வெளிநாட்டு வேலை எடுக்கும்போது உரிமம் பற்றிக் கேட்பார்கள். பிடிபட்டால் உங்களோடு சேர்த்து அடுத்த பிள்ளையின் வாய்ப்பும் போகும்.

அளவு மாறினால்? கராச்சில பழைய தாள் கிடக்குமே.

மாற்றத்தை மொடலில் மட்டும் செய்யுங்கள். பதிப்பு எண்ணைக் கூட்டுங்கள், தாளைத் திரும்ப எடுங்கள், பழைய தாளைக் கையோடு வாங்கி வாருங்கள். போனில் புதியதை அனுப்பிவிட்டேன் என்று இருந்துவிடக் கூடாது. சுவரில் குத்தியிருப்பது பழையதாகத்தான் இருக்கும். கோப்புப் பெயரில் "கடைசி", "கடைசிக்கும் கடைசி" என்று எழுதும் பழக்கத்தை விட்டு எண்ணைப் போடுங்கள்.

மொடலின் வடிவத்தை மாற்றும்போது சில குறிப்புகள் தங்கள் முகத்தை இழந்து தொங்கும். மென்பொருள் அதை வேறு நிறத்தில் காட்டும். ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்த பிறகே வெளியே அனுப்புங்கள்.

பத்து, இருபது வருசத்துக்குப் பிறகு இந்தக் கோப்பு திறக்குமோ? தாள் எண்டால் இருக்கும்.

வன்னியில் தாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2008, 2009 இடப்பெயர்வில் எத்தனையோ கராச்சுகளும் அலுவலகங்களும் தங்கள் படங்களையும் கணக்குகளையும் அப்படியே விட்டுவிட்டு வந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி வைப்பதுதான் ஆபத்து. தாளுக்கும் கோப்புக்கும் அது பொருந்தும்.

மென்பொருளின் சொந்தக் கோப்பு வகை நெடுங்காலம் திறக்கும் என்று நம்ப வேண்டாம். விமானத் துறையினர் இதற்கென்றே லோட்டார் என்ற தரவரிசையை, ஈ.என். 9300 என்ற பெயரில், வைத்திருக்கிறார்கள். அதன் அடித்தளம் ஸ்டெப். நீங்களும் சொந்தக் கோப்பு, ஏ.பி. 242, பார்வைகளின் பி.டி.எஃப். மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று வேறு ஊரில் அல்லது இணையச் சேமிப்பில்.

இதைப் படிச்சால் இங்க இருந்துகொண்டே வேலை கிடைக்குமோ?

வேலை உறுதி என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் மொடல் வரையத் தெரிந்தவர் நிறையப் பேர், எல்லை போடத் தெரிந்தவர் குறைவு. அந்த இடைவெளிதான் உங்களுக்கு வழி. முதலில் பொருத்தங்கள், டேட்டம், இடநிலை. பிறகு ஒரு மென்பொருள். அதன் பிறகு ஏ.பி. 242 ஐ அனுப்பிச் சோதிப்பது. இந்த ஒழுங்கை மாற்றிப் படித்தவர்கள் அழகான படம் தருவார்கள், பாகம் பூட்டாது. கிழமைக்கு ஒரு நாளாவது ஒரு லேத் கராச்சில் நில்லுங்கள். கொழும்பில் அலுவலகத்தில் இருந்து படிப்பவருக்கு அந்த வாய்ப்பு எளிதாகக் கிடைக்காது. எங்களுக்கு வீதிக்கு வீதி இருக்கிறது.

மொடல் 62 எண்டு சொல்லுது, ஒட்டின குறிப்பு 62.5 எண்டு சொல்லுது. எதை நம்பிறது?

முதலில், இது ஏன் வந்தது என்று பாருங்கள். மேலே சொன்ன கையால் மாற்றி எழுதும் வசதிதான் பெரும்பாலும் காரணம். பொருளோடு கூடிய குறிப்பாக இருந்தால் அந்த எண் பெரும்பாலும் மொடலின் வடிவத்தில் இருந்தே வந்திருக்கும். முரண்பாட்டுக்கு இடம் குறைவு.

எது செல்லும் என்பதை மொடலின் பொதுக் குறிப்பில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். எழுதாத மொடல் உங்களிடம் வந்தால் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். 6206 பெயாரிங்குக்கு 62.5 பொருந்தாது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அனுப்பியவரிடம் கேளுங்கள். ஒருவேளை அவர் இடையில் புஷ் (மெல்லிய உருளை வளையம்) ஒன்று போட நினைத்திருக்கலாம். பதிலை எழுத்தில் வாங்குங்கள், திருத்திய மொடலைப் புதிய பதிப்பு எண்ணோடு அனுப்பச் சொல்லுங்கள். அது கைக்கு வரும் வரை இரும்பை லேத்தில் ஏற்ற வேண்டாம்.